ஆயுசுக்கும் கண்டாக்கு சீட்டு

இல்ல தம்பி, எந்திரிக்கச் சொல்லல. ஒக்காருங்க, நல்லா ஒக்காருங்க. எந்திரிங்கன்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா? அது யாரு சீட்டுன்னு தெரியுமான்னு மட்டுந்தான் கேட்டேன். அதுக்கு நீங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா எப்புடி? சன்னல்ல என்னா தெரியுது, மழதானே தெரியுது. ஹட்டன்ல மழைய வேடிக்க பாக்குற ஒரே ஆளு நீங்கதான்.

அது எஞ் சீட்டு தம்பி. ஆயுசுக்கும் எஞ் சீட்டு. செபமாலை முதலாளி, இந்த பஸ்ஸுக்குச் சொந்தக்காரரு, ஊரு முன்னால வச்சு எனக்குக் குடுத்தது. வேணும்னா டிரைவர்கிட்ட கேளுங்க. மத்தியாஸ் தம்பி, இது யாரு சீட்டு? ... பாத்தீங்களா, சிரிக்கிறாரு. அவரு சிரிச்சா ஆமான்னு அர்த்தம்.

இருங்க, ஒரு நிமிசம். யாருப்பா அது வாசல்லயே நிக்கிறது, உள்ள போங்க. பஸ்ஸட்ட யன்ன மாத்தயா, பஸ்ஸட்ட. பின்னுக்குப் போங்கன்னு சிங்களத்துலயும் சொல்லியாச்சு. பின்னுக்குப் போனா ஒண்ணும் ஆயிராது, அங்கயும் இதே பஸ்ஸுதான். ஆத்தா, கோழியக் காலுக்கு அடியில வச்சுக்க, சீட்டுல வைக்காத. ஆச்சா? ரைட்டு, போகலாம்!

ம்... என்னா சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆ, நீங்க எங்க எறங்கணும்? ஸ்டோரடியா? தேயில ஸ்டோருதானே? அதான் பாருங்க, அங்கதான் வம்பு. மாதா கோயில் வளைவுல எறங்குற ஆளா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். மொதல்ல அந்த வளைவு, அப்பறம் பாலத்தடி, அதுக்கும் அப்பறந்தான் ஸ்டோரு. பாலத்தடியில எங்க சம்மந்தி ஏறுறாங்க. அவங்க ஏறுறப்ப நான் அந்தச் சீட்டுல ஒக்காந்திருக்கணும். அவ்வளவுதான் தம்பி. வளைவுலருந்து ஸ்டோரு வரைக்கும். வெத்தல போட்டுத் துப்புற நேரம். அதுவரைக்கும் நீங்க இந்த வாசலோரத்து மடக்கு சீட்டுல ஒக்காருங்க, காத்து நல்லா வரும். கொஞ்சம் மழையும் வரும், கொட தான் வச்சிருக்கீங்களே.

சம்மந்தின்னா, இன்னும் சம்மந்தி ஆகல. ஆகப்போறாங்க. எம் மக நாகலெச்சுமியப் பாக்க இன்னைக்குத்தான் மொத மொதல்ல வீட்டுக்கு வர்றாங்க. கணக்கப்புள்ள குடும்பம் தம்பி. ஆண்டியப்பன் கணக்கப்புள்ளன்னா அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் தெரியும். அவரு சம்சாரம் சண்முகவடிவு, அதுக்கு மேல. நான் யாரு? கொழுந்து எடுத்தவ. காளியாயின்னா கொழுந்து நிறுக்குற மடுவத்துல தராசுக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியும்? கணக்கப்புள்ள வீட்டுல எங்க லயத்து வரிச வீட்டுக்கு வந்து பொண்ணு கேப்பாங்களா? வர்றாங்கன்னா ஏன் வர்றாங்க?

சீட்டுனால வர்றாங்க தம்பி. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதுனால.

தரகரு வீரய்யா அங்க போயி, "பொண்ணோட ஆத்தா லேசுப்பட்ட ஆளு இல்ல, ஹட்டன் பஸ்ஸுல கண்டாக்கு சீட்டு, ஆயுசுக்கும் எழுதிக் குடுத்தாச்சு"ன்னு சொல்லிப்புட்டாரு. அந்தம்மா ஒடனே, "அப்புடியா, அப்ப வந்து பாப்போம்"னுச்சாம். இப்ப பாலத்தடியில ஏறி, இங்க நான் வாசல்ல தொங்கிக்கிட்டு, கழுத்துல இந்தப் பையோட, தலையில முக்காடு நனைஞ்சு நின்னா அந்தம்மா என்னா நெனைக்கும்? நெனைக்க வேணாம், அப்புடியே எறங்கிப் போயிரும். எம் மகளுக்கு இந்த எடம் தட்டிப்போனா மறுபடி இப்புடி ஒரு எடம் எங்க போயித் தேடுறது, சொல்லுங்க.

என்னா? பையா? ஆமா, டிக்கட்டு காசுப் பைதான். நாந்தான் காசு வாங்குறேன். ஏன் வாங்குறேன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, பரவால்ல, நானே சொல்றேன்.

இந்த பிரைவேட் பஸ்ஸு ஓடலாம்னு கவுருமெண்டு விட்டுச்சு பாருங்க, அந்த வருசம் செபமாலை முதலாளி இத வாங்கிவிட்டாரு. டவுன்ல கட வச்சிருந்த மனுசன். தோட்டத்துப் பக்கம் அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சனங்கள எப்புடிப் புடிக்கிறதுன்னு தெரியும். அதுக்கு முந்தி எங்களுக்கு கவுருமெண்டு செவப்பு பஸ்ஸுதான். அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும், அதுல ஒரு கொறையும் இல்ல. அத விட்டுட்டு இவரு பஸ்ஸுல ஏன் ஏறணும்? அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. பேரு போட்டாரு.

பேரு தெரியுமா, எங்க தோட்டத்துல? ஒரு நாளைக்கு மலைக்குப் போயி முழுக் கொழுந்து எடுத்தா ஒரு பேரு. கொழுந்து கொறஞ்சா அரப்பேரு. பேருக்குத்தான் சம்பளம். பொறந்ததுலருந்து எங்க காதுல விழுறது அதுதான், இன்னைக்குப் பேரு விழுந்துச்சா, அரப்பேரு ஆச்சான்னு. முதலாளி அத எங்கயோ கேட்டிருக்காரு. "நம்ம பஸ்ஸுல ஹட்டனுக்குப் போயிட்டு வந்தா ஒரு பேரு, பாதி வழியில எறங்கினா அரப்பேரு. வேற பஸ்ஸுல ஏறக்கூடாது. பேரு நெறைய சேத்தவங்களுக்கு ஆயுசுக்கும் மரியாத"ன்னாரு. எங்க சனத்துக்குச் சொல்லணுமா? பேருன்னு கேட்டதும் லயமே கெளம்பிருச்சு.

நான் கெளம்புனேன் பாருங்க தம்பி, அது கெளம்பல் இல்ல, பைத்தியம். ஒரு எலுமிச்சம்பழம் வாங்க ஹட்டனுக்குப் போவேன். அத வீட்டுல வச்சுட்டு, உப்பு மறந்துட்டேன்னு மறுபடி போவேன். உப்பு மறக்கல, வேணும்னே வாங்கல. ஒரு நாளு ஹட்டன் வரைக்கும் போயி பஸ்ஸுலருந்து எறங்காமலே திரும்பி வந்தேன். எறங்கி என்னா செய்ய, ஒரு சோலியும் இல்ல. எந் தங்கச்சி வீடு எங்க தோட்டத்துக்கு அந்தாண்ட, மலையேறிப் போனா பக்கம். அவளப் பாக்க நான் ஹட்டனுக்கு வந்து, சுத்தி, வேற பக்கமாப் போனேன். அவ கேக்குறா, "ஏக்கா, வழி மறந்து போச்சா?"ன்னு.

செவப்பு பஸ்ஸு நிக்கும். காலியா நிக்கும். ஏறு ஏறுன்னு கூப்புடும். நான் கொடயப் புடிச்சுக்கிட்டு வேற பக்கம் பாத்து நிப்பேன், இப்ப நீங்க பாக்குறீங்களே அதே மாதிரி. எங்க வீட்டுக்காரரு மாயாண்டி, குறுக்குப் பாதையில நடந்தே டவுனுக்குப் போயி, சாமான் வாங்கி, திரும்பி வந்து, சோறும் ஆக்கிருவாரு. நான் அப்பத்தான் நனைஞ்சுக்கிட்டு வந்து எறங்குவேன். "என்னாடி கொண்டாந்த?"ம்பாரு. "பேரு கொண்டாந்தேன்"பேன். "அதக் கொழம்பு வையி"ம்பாரு.

இருங்க, காசு வாங்கிக்கிறேன். நீங்க ரெண்டு பேருமா? ஒண்ணாத் தர்றீங்களா? ஆங், சரி. பாட்டி... ஐயோ, தப்பு, அக்கா, காச முந்தானையிலருந்து எடுங்க, எறங்குறப்ப முடிச்ச அவுக்க நேரம் இருக்காது. தம்பி, நீங்களும்... சரி, நீங்க அப்பறம் தாங்க. மொதல்ல விசயத்த முடிச்சுக்குவோம்.

அப்பறம் என்னா ஆச்சு? கொஞ்ச நாளு போனதும் முதலாளி பேரக் கொறைக்க ஆரம்பிச்சாரு. நின்னுக்கிட்டு வந்தா அரப்பேருன்னாரு. சந்த நாளு பேரு கெடையாதுன்னாரு, பஸ்ஸு எப்புடியும் நெறையுதாம். தேரு, திருநாளு, தீவாளி, நத்தாருப் பண்டிக எல்லாம் கழிச்சுக்கிட்டாரு. நான் போயிக் கேட்டேன். "காளியாயி, கணக்கு மாறிப்போச்சு"ன்னாரு. அட, மடுவத்துல கேட்ட அதே பேச்சு. மலையில ஏமாந்தது போதாதுன்னு காசு குடுத்து பஸ்ஸுல ஏமாறுறேனேன்னு வந்துச்சு. ஆனா விட முடியுமா? அவ்வளவு பேரு சேத்தாச்சே. இனிமே விட்டா இதுவரைக்கும் அலைஞ்சது வீணாப் போயிரும்ல? அப்புடி நெனைச்சு நெனைச்சே இன்னும் அலைஞ்சேன்.

கடைசியா ஒரு நாளு, கோயிலடியில பஸ்ஸ நிப்பாட்டி, பொட்டு வச்சு, ஆயுசு மரியாத குடுத்தாரு. நான் ஒரு ஆளா? இல்ல, கூட இராமையாவும் அழகனும். இராமையாவுக்கு ஆயுசுக்கும் மொதல்ல ஏறுற மரியாத. மொதல்ல ஏறுறவர எல்லாரும் தள்ளித் தள்ளி பின்னால கொண்டுபோயி விட்டுருவாங்க, கடைசியாத்தான் எறங்குவாரு. ஒரு தடவ எறங்கவே முடியாம ஹட்டனுக்கே திரும்பிப் போயிட்டாரு மனுசன். அழகனுக்கு ஆயுசுக்கும் கூர மேல மூட்ட இலவசம். அவன்கிட்ட மூட்ட ஏது? கெடச்சத விடக்கூடாதுன்னு ஒரு வெறுஞ் சாக்கு கொண்டாந்து மேல போடுவான். எறங்குறப்ப மறக்காம எடுத்துக்கிட்டுப் போவான். அதோ பின்னால நிக்கிறான் பாருங்க, நீலத் துண்டு. சாக்கு மேல நனையுது.

எனக்கு, "நம்ம காளியாயிக்கு ஆயுசுக்கும் கண்டாக்கு சீட்டு"ன்னாரு.

அதக் கேட்டு எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. ஏன்னு சொல்றேன். இதோ நீங்க ஒக்காந்திருக்கீங்களே, டிரைவருக்குப் பின்னால, மொத சீட்டு, இதுல எங்க தோட்டத்துக் கண்டாக்கையா மட்டுந்தான் ஒக்காருவாரு. மலையில எங்க எல்லாரையும் மேய்க்கிறவரு அவருதானே. அவரு வரலன்னாலும் அது காலியாத்தான் போகும். புள்ளத்தாச்சி நின்னுக்கிட்டு வருவா, அந்தச் சீட்டு காலியா ஆடிக்கிட்டு வரும். யாரும் ஒக்காரக்கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல. யாருக்கும் கால் வராது. எனக்கு எத்தன நாளு அரப்பேரு போட்டிருப்பாரு அந்த மனுசன்? காய்ச்சல்ல போயி எடுத்தாலும் அரப்பேரு. அவரு சீட்டு எனக்கு, அதுவும் ஆயுசுக்கும்னா சும்மாவா?

மறுநாளு காலையில குளிச்சு, நல்ல சேல கட்டி, அதுல ஒக்காந்து ஹட்டனுக்குப் போனேன். கண்டாக்கையா லீவுல ஊருக்குப் போயிருந்தாரு. போக ஒருதரம், வர ஒருதரம். பஸ்ஸு முழுக்க என்னையப் பாத்துச்சு. அது ஒரு நாளுதான் தம்பி. அன்னைக்கு சாயங்காலமே முதலாளி வந்து இந்தத் தோல் பைய எங் கழுத்துல மாட்டுனாரு. நான் என்னா நெனைச்சேன், அதுவும் ஒரு மரியாதன்னு நெனைச்சேன். மால போடுற மாதிரி போட்டாரா, நானும் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். கும்புடு வேற போட்டேன். வீட்டுக்குப் போறப்பவும் மாட்டிக்கிட்டே போனேன், லயத்துல எல்லாரும் பாக்கட்டும்னு.

விடிஞ்சதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. "காளியாயி, ஏன் அங்க ஒக்காந்திருக்க, வாசலுக்கு வா"ங்குறாரு. "முதலாளி, கண்டாக்கு சீட்டு குடுத்தீங்களே?"ன்னேன். "ஆமா, இதானே கண்டாக்கு சீட்டு"ன்னு இந்த மடக்கு சீட்டத் தட்டிக் காட்டுறாரு.

புரியுதா தம்பி? அவரு டவுன்காரரு. அவருக்குக் கண்டாக்குன்னா பஸ்ஸுல டிக்கட்டு காசு வாங்குற ஆளு. தோட்டத்துக்காரிக்குக் கண்டாக்குன்னா மலையில நிக்கிற தெய்வம். ஒரே வார்த்ததான். அவரு ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணு கேட்டுக்கிட்டேன். சீட்டு மரியாத இல்ல, வேல. அதுவும் ஆயுசுக்கும். ஆயுசுக்கும்னா யாரு ஆயுசுக்கும்னு கேட்டேன். "நம்ம ரெண்டு பேரு ஆயுசா, பஸ்ஸோட ஆயுசா?"ன்னேன். "எது முந்துதோ"ன்னாரு. பஸ்ஸப் பாத்தா அதுதான் முந்தும் போலருக்கு.

இதுக்குச் சம்பளம் கேட்டேன். "டிக்கட்டு இல்லாம ஆயுசு முழுக்கப் போறியே, அது போதாதா?"ன்னாரு. போறேன், சரிதான். எங்க போறேன்? எங்கயும் எறங்க முடியாம போயிக்கிட்டே இருக்கேன்.

மாதா கோயில் வளைவு எறங்குறவங்க முன்னுக்கு வாங்க. இப்பவே வாங்க, வளைவுல வந்து தேடாதீங்க. அழகா, நீ எறங்குற எடம் இன்னும் வரல, நீ ஏன் வர்ற? சாக்கா? அது எங்கயும் போகாது, நில்லு.

தம்பி, கண்ண மூடிக்கிட்டீங்களே. தூங்கலன்னு தெரியும், மூச்சு சீரா இல்ல. சரி, நான் ஒண்ணு செய்றேன். உங்களுக்கும் முதலாளி பேரு போடுறாருல்ல, இப்ப புதுசா வர்றவங்களுக்குப் போடுறாரே? கணக்கு எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க எந்திரிச்சீங்கன்னா இன்னைக்கு ஒண்ணுக்கு ரெண்டு பேராப் போட்டு விடுறேன். வேணாமா? மூணு? ... இந்தாளு பேருக்கும் மசிய மாட்டேங்குறாரு மத்தியாஸ். இப்புடி ஒரு மனுசன நான் பாத்ததே இல்ல. நானும் இப்புடி இருந்திருந்தா வீட்டுல சோறு ஆக்கிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

இல்ல தம்பி, சேக்காதீங்க. ஒரு பொம்பள அனுபவத்துல சொல்றேன், பேரு சேக்காதீங்க. போகணும்னா போங்க, எது மொதல்ல வருதோ அதுல ஏறுங்க. ஆயுசுக்கும்னு எவன் எதக் குடுத்தாலும் வாங்காதீங்க. கல்யாணத்தத் தவிர. ஏன், அதையுந்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரே ஒரு நாளு நல்லாருந்துச்சு. கண்டாக்கையா லீவு முடிஞ்சு வந்து ஏறுனாரு. அதே சீட்டுல ஒக்காந்தாரு. என்னையப் பாத்துட்டு, "காளியாயி, நீ என்னா இங்க?"ன்னாரு. "நானும் கண்டாக்குதான் ஐயா. டிக்கட்டு"ன்னேன். அவருகிட்ட அதுவரைக்கும் யாரும் காசு கேட்டதில்ல போலருக்கு. சட்டப் பையத் தடவி ஏதோ கொஞ்சம் எடுத்து நீட்டுனாரு. நான் பாத்தேன். "இது அரப்பேருதான் ஐயா. கொழுந்து கொறஞ்சா பேரு கொறையும், காசு கொறஞ்சா தூரம் கொறையும்"னு சொல்லி வளைவுல எறக்கி விட்டுட்டேன். மழ தம்பி. இதே மாதிரி மழ. அவரு கொடய விரிச்சுக்கிட்டு நடந்து போறத பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அன்னையிலருந்து அவரு கொழுந்து லொறியிலதான் போறாரு. இந்தச் சீட்டு காலி. அடடா, இப்ப ஒக்காரலாம்னா முடியுதா? நான் வாசல்ல.

மத்தியாஸ் தம்பி, ஏன் கண்ணாடியில பாத்துச் சிரிக்கிறீங்க? வேணாம், அதச் சொல்லாதீங்க... சொல்லிருவீங்க, உங்க வாயி எனக்குத் தெரியாதா. நானே சொல்லிர்றேன்.

முதலாளி பாவம், நான் மூக்கால அழுததப் பாத்துட்டு, சரி, நீ அந்த முன் சீட்டுலயே ஒக்காந்துக்க, கண்டாக்குக்கு வேற ஆளு போடுறேன்னாரு. போட்டாரு. மொத ஆளு, புள்ளத்தாச்சி ஒரு கால வச்சதுமே ரைட்டு சொல்றான். விட முடியுமா? எந்திரிச்சுப் போயி பையப் புடுங்கிட்டேன். ரெண்டாவது ஆளு நல்லவந்தான், ஆனா சத்தமே வராது. "ரைட்"டுன்னு முனகுவான். நான் சீட்டுலருந்தே சத்தம் போடுவேன். அவன் ஒருதரம் சொல்ல, நான் ஒருதரம் சொல்ல, மத்தியாஸ் எதக் கேட்டு ஓட்டுவாரு? அவனே பையக் கழட்டி எங் கழுத்துல போட்டுட்டு எறங்கிப் போயிட்டான். மூணாவது ஆள வர வேணாம்னு நானே வாசல்ல வச்சுச் சொல்லி அனுப்பிட்டேன். போதுமா? இப்ப சந்தோசமா மத்தியாஸ்? நான் ஒக்காரணும்னா ஒக்காந்திருக்கலாம். வாசலயும் விட மனசு வரல, சீட்டயும் விட மனசு வரல. இதுல யாரையும் சொல்லிக் குத்தமில்ல. ஆனா இன்னைக்கு ஒரு நாளைக்கு எனக்கு அந்தச் சீட்டு வேணும். எம் மகளுக்காக வேணும்.

வளைவு, மாதா கோயில் வளைவு! பாத்து எறங்குங்க, வழுக்கும். கோழி ஆத்தா, நீ மெதுவா எறங்கு.

தம்பி? எங்க எந்திரிச்சுட்டீங்க? ஸ்டோரடின்னு சொன்னீங்களே, இது வளைவு. இன்னும் பாலம் இருக்கு, அதுக்கு அப்பறந்தான் ஸ்டோரு. நடக்க முடியாது தம்பி, மழ கொட்டுது... எறங்கிட்டாரா? அட, எறங்கியே போயிட்டாரு. தம்பி, தம்பி... அந்தா போறாரு பாருங்க, திரும்பிக்கூடப் பாக்காம. ஏன் மத்தியாஸ், நான் அப்புடி என்னா சொல்லிட்டேன்? என்னது? ... சும்மா இருங்க, நான் எங்க நிறுத்தாமப் பேசுனேன்.

அய்யய்யோ, டிக்கட்டு காசு வாங்கலையே!

போகட்டும். சீட்டு கெடச்சுருச்சு. இந்தா ஒக்காந்துட்டேன். போங்க மத்தியாஸ்.

போங்க.

ஏன் நிக்கிறீங்க? ரைட்டு சொல்லணுமா? கண்டாக்கையா எப்பயாவது ரைட்டு சொன்னாரா? சரி, ரைட்டு. கதவா? ஆமா, கதவ யாரு சாத்துறது... அழகா, அந்தக் கதவச் சாத்து. அப்புடி இல்லடா, தூக்கி இழு. தூக்கி. ஒனக்குச் சாக்குத் தூக்க மட்டுந்தான் தெரியும், நகரு. இந்தா, சாத்தியாச்சு. ரைட்டு, போகலாம். நான் மறுபடி ஒக்காந்துக்கிறேன்.

அம்மாடி, ஸ்பிரிங்கு குத்துது. இதுலயா இவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தாரு அந்த மனுசன்? இதுலயா கண்டாக்கையா இத்தன வருசம் ஒக்காந்திருந்தாரு? அதான் மலைக்கு வந்து எங்க மேல எரிஞ்சு விழுந்தாரு போலருக்கு. அன்னைக்கு நான் ஒக்காந்தப்ப குத்தலையே. அன்னைக்குக் குத்தியிருக்கும், எனக்குத் தெரிஞ்சிருக்காது.

மத்தியாஸ், அந்தா மலையில கொழுந்து எடுக்குறாங்கள்ல, ஆறாம் நம்பர் மலையில? இங்கேருந்து பாத்தா மூஞ்சியே தெரியல பாருங்க. கூடையும் இடுப்புல கட்டுன படங்குந்தான் தெரியுது. வாசல்ல நின்னா எனக்கு ஒவ்வொருத்தியா தெரியும். கைய ஆட்டுவாளுக, நானும் பேரச் சொல்லிக் கூப்புடுவேன். இங்க கண்ணாடியில மழ வழிஞ்சுக்கிட்டு... ஒருத்தியும் தெரியல. இவ்வளவு நாளு நான் இதுக்கா ஆசப்பட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, போங்க.

பாலமா? வந்துருச்சா? ஆமா, அந்தா நிக்கிறாங்க. அதுதான் சண்முகவடிவு, பச்சப் பட்டு. அவருதான் கணக்கப்புள்ள, கொட புடிச்சிருக்காரு, கொட முழுக்க அவருக்கே புடிச்சிருக்காரு. மத்தியாஸ், மெதுவா நிப்பாட்டுங்க, சேறு அடிக்காம. நான் இப்புடி ஒக்காந்திருக்கேன், சரியா இருக்கா? முக்காடு சரியா இருக்கா? பையத்தான் மறைக்க முடியல. அழகா, கதவத் தொற. தூக்கி இழுடா. தூக்கி... அவங்க நனையுறாங்க. வெளியேருந்து தட்டுறாங்க பாரு. அந்தம்மா பட்டு நனையுது. ஒரு கதவு தொறக்கத் தெரியாத ஆளுக்கு ஆயுசு மரியாத. தள்ளு, தள்ளு. சீட்டாவது ஒண்ணாவது.

வாங்க சம்மந்தி, வாங்க. கையக் குடுங்க, படி வழுக்கும். அந்தக் காலு, ஆங். ஐயா, கொடய மடக்கிட்டு ஏறுங்க. ஆமா, நாந்தான் காளியாயி. நாகலெச்சுமியோட ஆத்தா. இதான் அந்தப் பஸ்ஸு. அந்தா, அந்த மொத சீட்டுல ஒக்காருங்க. நீங்கதான், ஒக்காருங்க. எங்க தோட்டத்துக் கண்டாக்கையா ஒக்காருற சீட்டு. இப்ப எஞ் சீட்டு, ஆயுசுக்கும். எஞ் சீட்டுல நான் யார ஒக்கார வைக்கணும்னு நாந்தானே சொல்லணும். கொஞ்சம் ஓரமா ஒக்காருங்க, நடுவுல ஸ்பிரிங்கு. ஐயாவும் பக்கத்துல.

என்னா சம்மந்தி? நான் ஒக்காரலையான்னா கேக்குறீங்க? நான் எப்புடி ஒக்காருறது. நான் ஒக்காந்தா பஸ்ஸு நின்னுரும்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, நல்லாருக்கு. வீட்டுல நாகலெச்சுமியும் இப்புடித்தான் சிரிப்பா. ரெண்டு டிக்கட்டு, ஐயா. சம்மந்தம் சம்மந்தம், டிக்கட்டு டிக்கட்டு. இப்பத்தான் ஒரு மனுசன் அந்தச் சீட்டுல ஒக்காந்து காசே குடுக்காம எறங்கிப் போயிட்டாரு. அந்தச் சீட்டுக்கு நான் பட்ட பாடு இருக்கே சம்மந்தி, அத ஸ்டோரு போறதுக்குள்ள சொல்லி முடிக்க முடியாது. இருங்க, முதல்லருந்து சொல்றேன், ரைட்டு மட்டும் சொல்லிக்கிறேன்.

ரைட்டு!